ஃபிரிஸ்கோவில் எழுந்தருளிய ரோமாபுரி அம்மன்

ரோமப் பேரரசு வீழ்ந்தது என்பது வீண் புரளி. டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில், என் மகன் முகிலன் வீட்டு பூஜை அலமாரியில் அது சௌக்கியமாக இருக்கிறது.

இணைய ஏலத்தில் அவன் எடுத்த சுடுமண் பெண்சிலை. ஒரு சாண் உயரம், தலையில் முக்காடு, வயது ஈராயிரம். பெட்டியின் மேல் 'ரோமானிய வேண்டுதல் பொம்மை' என்றிருந்தது. வேண்டுதல் என்றால் சாமிதானே? குங்குமம் வைத்தாயிற்று. உள்ளே நான்கு பக்க விளக்கத் தாளும் இருந்தது. எஞ்சினியர்கள் அதையெல்லாம் படிப்பதில்லை. மருமகள் எழிலரசி படித்தாள்.

சனிக்கிழமை, குடியிருப்பின் 'ஆன்மிக நிர்வாகக் குழு' எங்கள் வீட்டில் கூடியது. தலைவர் ராமசுப்ரமணியன் ஸ்லைடு போட்டு முழங்கினார்.

"ஆளுக்கு ஒரு வேண்டுதல்தான். எல்லாரும் ஒரே நேரத்துல கிரீன் கார்டு கேட்டா அம்மன் என்ன பண்ணுவா?"

"அப்ளை பண்ண தேதி வாரியா சார்ட் பண்ணிடலாம் அங்கிள்" என்றான் முகிலன்.

சுண்டலோடு வந்த எழிலரசி தயங்கினாள். "எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க. எங்கம்மாவப் பாத்து ஆறு வருசமாச்சு. போன்ல பேசினா இப்பெல்லாம் 'யாரு கண்ணு நீ'ங்கறாங்க. பொள்ளாச்சிக்கு ஒருக்கா போய்ட்டு வந்தர்றேன்."

"இப்ப போனா விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவே, திரும்பி வர முடியாது. அதான் அம்மன்கிட்ட சொல்லியிருக்கோம்ல? வெயிட் பண்ணு" என்றான் முகிலன்.

குழு அவள் கோரிக்கையை ஏகமனதாக 'நிலுவையில்' வைத்தது. நானும் கை தூக்கினேன். சுண்டல் பிரமாதம்.

பாத்திரம் கழுவும்போது எழிலரசி என்னிடம் சொன்னாள்: "இது சாமியே இல்லீங் மாமா. வேண்டிக்கிட்ட பொம்பள. கோயில்லயே நின்னுட்டிருக்க முடியாதவங்க, தனக்குப் பதிலா இப்பிடி ஒண்ண நிக்க வெச்சுட்டுப் போயிருவாங்களாம்."

"போயி?"

"அவங்க சோலியப் பாப்பாங்க."

செவ்வாய்க்கிழமை காலை, அம்மன் அடுப்பு மேடையில் நின்றிருந்தாள். காலடியில் ஒரு சீட்டு: 'எனக்குப் பதிலா. எழில்.'

முகிலன் சீட்டைப் படிக்கவில்லை. எஞ்சினியர் என்று சொன்னேனே. "அம்மனை இடம் மாத்தினது யாரு?" என்று குழுவுக்கு மெசேஜ் போட்டான். மாலையில் அவசரக் கூட்டம். அதற்குச் சுண்டல் வராதபோதுதான் வீட்டில் மனைவி இல்லை என்பது அவனுக்குத் தெரியவந்தது.

என்னை அவனோடு சேர்த்துவிடாதீர்கள். மருமகள்மேல் உயிரையே வைத்திருப்பவன் நான். அவள் போய்விட்டதைக் காலை ஆறரைக்கே கண்டுபிடித்துவிட்டேன்.

காபி வரவில்லை.