யோவான் சாரின் டியூனிங்

மருமகன் ரெஜியின் புது ஸ்கூட்டர் சத்தமே போடவில்லை. யோவான் சாருக்கு அது பொறுக்கவில்லை.

"மாப்ள, இஞ்சின் மூச்சே வுடலியே! லேசா டியூன் பண்ணட்டா?"

"வேணாம் மாமா. பதினோரு மணிக்கு சேத்துப்பட்டு கோயில்ல ஞானஸ்நானம். கொழந்தைக்கு நான்தான் ஞானத்தகப்பன். நான் போவாம ஆரம்பிக்க மாட்டாங்க."

"இருவத்திரண்டு வருஷம் என் ஸ்கூட்டர நானேதான் டியூன் பண்ணேன். ஒரு மெக்கானிக் தொட்டதில்ல. உங்க அத்தையக் கேளுங்க."

அத்தை சகாயம்மாள் இட்லித் தட்டோடு அவசரமாக உள்ளே போனாள்.

ரெஜி குளிக்கப் போனான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

யோவான் சார் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். பழைய வண்டியென்றால் அடுத்து கார்புரேட்டர் ஸ்க்ரூ. காதை வைத்துக் கேட்டு அரைத் திருகு. இதில் கார்புரேட்டரையே காணோம். கம்பெனிக்காரன் எங்கோ ஒளித்துவைத்திருக்கிறான் என்று இருபத்தாறு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். உள்ளே பாவு நூல் அறுந்த தறி மாதிரி ஒயர்கள். இரண்டைப் பிடுங்கி, இடம் மாற்றிச் சொருகினார்.

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதை அணைக்க பேட்டரியைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. வண்டியும் அணைந்தது. திரும்ப மாட்டியதும் ஹாரன் அடித்தது, நிற்கவில்லை. சத்தத்தில் பக்கத்து ஊர் முள்ளிப்பட்டு வரைக்கும் நெசவுத் தறிகள் நின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் நாலு தறிதான் நின்றது.

ரெஜி தலையில் சோப்போடு ஓடிவந்தான்.

"மாமா! என்ன பண்ணிகினு இருக்கீங்க?"

"இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூ, மாப்ள..."

"மணி பத்தாவுது மாமா!"

சகாயம்மாள் போன் போட்டாள். தெருமுனை மெக்கானிக் மாணிக்கவேல் வந்து, ஹாரனுக்குள் தலையை விட்டுக் கால்மணி நேரம் போராடி அதை அடக்கினார்.

"தம்பி, என் பைக்க எடுத்துகினு ஜல்தியா கெளம்புங்க."

ரெஜி ஈரத் தலையோடு சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினான். யோவான் சார் தரையைப் பார்த்தபடி உதிரி ஸ்க்ரூக்களைப் பொறுக்கினார்.

"இந்தப் புது வண்டிங்களே பேஜாரு, மாணிக்கவேலு. என் பழைய வண்டியா இருந்தா..." என்று முனகினார்.

மாணிக்கவேலுக்குக் காதுக்குள் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சகாயம்மாளிடம் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கக் கத்தினார்:

"மன்னிச்சுக்கங்கம்மா! பழைய வண்டின்னா, எப்பவும்போல சார் டியூன் பண்ணிட்டுத் தூங்கினதும் நீங்க தள்ளிகினு வருவீங்க, அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள சரி பண்ணி நிறுத்திடுவேன்... இதுக்குக் கம்ப்யூட்டர் வேணுமே!"