ராசியான பாஸ்வேர்டு

பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த ஹாலில் முன்பு கராத்தே வகுப்பு நடந்தது. அந்த நாளில் அந்தப் படிக்கட்டில் நாலு பேர் சேர்ந்து ஏறியதாக யாருக்கும் ஞாபகமில்லை. அட்சரஞானி வந்து பலகை மாட்டியதும் படிக்கட்டில் நிற்க இடமில்லை. வரிசை தெருவுக்கு இறங்கி, பேட்டரிக் கடை வாசலை அடைத்துக்கொண்டு மருந்துக் கடை வரை நீண்டது. மருந்துக் கடைக்காரர் முதலில் எரிச்சல்பட்டார். பிறகு வரிசையில் நின்றவர்களுக்குத் தலைவலி மாத்திரை விற்றார். அதற்கும் பிறகு தானே போய் வரிசையில் நின்றார்.

கை பார்த்துப் பலன் சொல்கிறவர் உண்டு, முகம் பார்த்துச் சொல்கிறவர் உண்டு. இவர் பாஸ்வேர்டு பார்ப்பவர். காலம் மாறினால் ஏமாற்றுகிறவனும் மாறத்தானே வேண்டும்? ஏமாறுகிறவன்தான் அப்படியே இருக்கிறான். பிறந்த தேதியைச் சொன்னால் அட்சரஞானி கூட்டிக் கழித்து உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பார். அந்த எண்ணுக்கு உகந்த பாஸ்வேர்டைக் குனிந்து காதில் ஓதுவார். அதைப் போட்டுவிட்டால் எந்தத் திருடனும் கணக்கைத் தொட முடியாது. தொட முடியாதது மட்டுமா? வியாபாரம் பெருகும், தள்ளிப்போன பதவி உயர்வு வரும், பேச்சை நிறுத்திய மருமகன் தானாக மெசேஜ் போடுவான். காதில் பூச்சுற்ற இதுவரை பூவாவது தேவைப்பட்டது. அட்சரஞானி அந்தச் செலவையும் மிச்சப்படுத்திவிட்டார்.

அந்த வரிசையில் கேக்கம்மாவும் நின்றாள். வீட்டுச் சமையலறையிலேயே கேக் செய்து விற்பவள். அவளுக்குக் கடை கிடையாது, பலகை கிடையாது. ஃபோனில் இருந்த ஒரு பக்கம்தான் எல்லாம். வருஷக் கணக்காகச் செய்த கேக்குகளின் படங்கள், சாப்பிட்டவர்கள் எழுதிய நல்ல வார்த்தைகள், வருகிற ஆர்டர்கள், எல்லாம் அதில்தான். ஒருநாள் பக்கத்துத் தெருத் தையல்காரியின் பக்கத்தை எவனோ களவாடிவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு அடுப்பில் கேக் உப்புவதைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. பயம் வந்தவனுக்கு யோசிப்பதைவிட வரிசையில் நிற்பது சுலபம். நின்றுவிட்டாள்.

வாசலில் மேஜை போட்டு டோக்கன் கொடுத்த மேனேஜர் தேனொழுகப் பேசினார். ஃபோன் நம்பர் கேட்டார், மெயில் முகவரி கேட்டார், எந்தெந்தக் கணக்குக்கு ராசி வேண்டும் என்று கேட்டார், வீட்டில் யார் யார் என்று அக்கறையாக விசாரித்தார். கேக்கம்மா, தானும் கணவனும் கணவனின் தங்கையும்தான் என்றாள். நாத்தனார் பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள், எந்நேரமும் ஃபோனும் கையுமாகத் திரிவாள் என்றும் சேர்த்துச் சொன்னாள். கேட்டதற்கு மேலேயே பதில் சொல்வது நம் ஆட்களின் பிறவிக் குணம்.

உள்ளே அட்சரஞானி கண்ணை மூடி, விரலை மடக்கி, அவள் எண் ஏழு என்றார். பிறகு காதில் ஓதினார். "வெற்றி" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, பின்னால் மூன்று ஏழு. இதைக் கேட்பதற்குத்தான் அரை நாள் வெயிலில் நின்றாள்.

கூடவே விதிகளும் இருந்தன. வார்த்தையைக் கட்டிய கணவனிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் சக்தி செத்துவிடும். மெயில், வங்கி, வியாபாரப் பக்கம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வார்த்தைதான், ஓர் உடம்புக்கு ஓர் உயிர்போல. என்ன ஆனாலும் மாற்றக் கூடாது. கணக்கைத் திறக்கும்போது ஃபோனுக்கு ஒரு எண் வருமே, அதை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டால் லட்சுமி எந்த வழியாக வருவாள் என்று கேட்டார். திருடனுக்கும் அதே சிரமம்தான் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேக்கம்மா ஒரு விதி விடாமல் எல்லாவற்றையும் நிறைவேற்றினாள்.

ராசி வேலை செய்தது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஒரு காலையில் பக்கத்தைத் திறந்தால் திறக்கவில்லை. மெயிலும் திறக்கவில்லை. நாத்தனாரின் ஃபோனில் பார்த்தபோது பக்கம் அங்கேயேதான் இருந்தது, அவள் பெயரிலேயே இருந்தது. ஆனால் கேக் படங்களுக்கு மேலே வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் தைலம் விற்றுக்கொண்டிருந்தார்கள். கூடவே, கேக் பாதி விலைக்கு, முன்பணத்தை இந்த நம்பருக்கு அனுப்பவும் என்று ஓர் அறிவிப்பு. அனுப்பியும் இருந்தார்கள். இத்தனை வருஷம் அவளை நம்பி வாங்கியவர்கள் ஆயிற்றே.

அன்று மாலை ஒரு பள்ளிக்கூட டீச்சர் வாசலில் வந்து நின்றார். மகளின் பிறந்தநாளுக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன், கேக் எங்கே, வீட்டில் குழந்தைகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். பணம் தனக்கு வரவில்லை என்று கேக்கம்மா சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். திருடி என்று வாய் சொல்லவில்லை. கண் சொல்லிவிட்டது. கேக்கம்மா பேச்சை விட்டுவிட்டு, வேறொருவருக்கு வைத்திருந்த கேக்கின் மேலே அந்தக் குழந்தையின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினாள். எழுதும்போது எழுத்துக் கோணிற்று. அவள் எழுதிய கேக்கில் எழுத்துக் கோணியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஓடினாள். வேறெங்கே, அட்சரஞானியிடம்தான். அடித்தவனிடமே மருந்து வாங்கப் போவது நமக்குப் புதிதா? அவர் வெகுநேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, வார்த்தையில் பழுதில்லை, வீட்டுக்குள்ளே பொறாமைக் கண் ஒன்று இருக்கிறது என்றார். கணவன் வழி ரத்தம், பெண், எந்நேரமும் ஃபோனும் கையுமாக இருப்பாள் என்று அடுக்கினார். கேக்கம்மாவுக்குச் சிலிர்த்துவிட்டது. தான் ஒரு வார்த்தை சொல்லாமலே இவ்வளவு கண்டுபிடித்துவிட்டாரே என்று மலைத்தாள். வாசலில் மேனேஜரிடம் கொட்டியதெல்லாம் கணக்கில் சேராதுபோலும். பரிகாரம் செய்தால் பக்கம் திரும்பி வரும் என்றார். பரிகாரத்தின் விலையைக் கேட்டால் நமக்குமே முடி கொட்டும், தைலம் வாங்க வேண்டி வரும்.

வீட்டுக்கு வந்தவள் நாத்தனாரோடு பேசுவதை நிறுத்தினாள். ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனார் சமையலறைக்குள் வந்தால் வெளியே போனாள். கணவனுக்கு ஏதோ நடக்கிறது என்று புரிந்தது. ஆனால் இரண்டு பெண்களுக்கு நடுவே தலையை விடக் கூடாது என்ற ஒரே ஞானத்தை வாழ்க்கையில் சொந்தமாகச் சம்பாதித்து வைத்திருந்தவன், பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

கடைசியில் நாத்தனாரே வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டாள். கேக்கம்மா அழுகையும் கோபமுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நாத்தனாரின் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணி, உங்க பாஸ்வேர்டு எனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. யாருக்குமே சொல்லலையே."

"அப்ப அது தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நீங்க ஒண்ணு. காதுல ஓதினவர் இன்னொண்ணு. மூணாவதா என்னை எப்படிச் சந்தேகப்பட்டீங்க?"

அவர் பெரியவர், ஆயிரம் பேருக்கு ஓதுகிறவர், ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று கேக்கம்மா இழுத்தாள்.

"அதைத்தான் நானும் நெனச்சேன். இருக்கறது மொத்தமே ஒம்பது எண்ணு. வர்றது ஊரே. ஆளுக்கு ஒண்ணு புதுசா யோசிக்கிற அளவுக்கு அவர் உழைப்பாளியாத் தெரியலை. உங்க எண்ணு என்ன? அதைச் சொல்லலாமில்ல?"

எண்ணைச் சொல்வதற்குத் தடை இருக்கவில்லை. ஏழு என்றாள்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வரிசையில் நின்றாள். அண்ணியையும் கையோடு அழைத்துக்கொண்டு போனாள். வருவதற்குக் கேக்கம்மாவுக்கு மனமில்லை. வராமல் இருக்கவும் முடியவில்லை. அன்று ஹால் நிரம்பி வழிந்தது. நாத்தனார் உள்ளே போனாள், தேதி சொன்னாள், ஓதுவித்துக்கொண்டாள், வெளியே வந்தாள். சுவரோரம் நின்ற அண்ணியிடம் வந்து தணிந்த குரலில் பேசினாள்.

"உங்களுதைச் சொல்ல வேண்டாம் அண்ணி. எனக்கு ஓதினதை நான் சொல்றேன். நீங்க கேட்டா மட்டும் போதும்."

சொன்னாள். வெற்றி. மூன்று ஏழு.

கேக்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏமாந்தோமே என்பதுகூட அப்புறம்தான் தோன்றியது. இந்தப் பெண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்பதுதான் முதலில் வந்து உறுத்தியது. நாத்தனார் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. ஹாலின் நடுவே போய் நின்று, இங்கே ஏழாம் எண்காரர்கள் யார் என்று கேட்டாள்.

பல கைகள் உயர்ந்தன, பெருமையாக. முன்வரிசையில் இருந்த டிரைவிங் ஸ்கூல்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஐயாவின் பாஸ்வேர்டை வேறு யாராலாவது கண்டுபிடிக்க முடியுமா என்று நாத்தனார் பவ்யமாகக் கேட்டாள். அவர் சிரித்தார். ஏழேழு ஜென்மத்துக்கும் முடியாது என்று சொல்லி, தன் மெயிலை மூடிவிட்டு ஃபோனை அவளிடமே நீட்டினார். வேண்டுமானால் முயற்சி செய்து பார் அம்மா என்றார். அவள் எல்லோரும் பார்க்க அடித்தாள்.

திறந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரர் ஃபோனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிரேக் பிடிக்காத வண்டியில் உட்கார்ந்தவர்போல இருந்தது அவர் முகம். பக்கத்தில் இருந்த இன்னொரு ஏழு, அவர் காதோடு ஏதோ விசாரித்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பின்வரிசையில் கணவனும் மனைவியுமாக மூன்றாம் எண்காரர்கள் இருவர். விதிப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாதவர்கள். மனைவி தன் வார்த்தையைக் கணவன் ஃபோனில் அடித்தாள், திறந்தது, உள்ளே எதையோ படித்தாள். அங்கே நடந்தது தனிக் கச்சேரி. அது நமக்கு வேண்டாம்.

சத்தம் கேட்டு அட்சரஞானி வெளியே வந்தார். பதறவில்லை. பழுத்த ஆள். ஒரே எண்ணில் பிறந்தவர்கள் ஒரே ஆன்மாவின் கிளைகள், கிளைகளுக்கு வேர் ஒன்றுதான், இதை அற்பர்கள் அறிய மாட்டார்கள் என்றார். கூட்டத்தில் பாதி தலையாட்டவும் தொடங்கிவிட்டது. தலை எதற்கு இருக்கிறது, ஆட்டத்தானே?

"சாமி, நான் குடுத்தது என் பிறந்த தேதி இல்லை," என்றாள் நாத்தனார். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் வாங்கின தேதி. கூட்டினா ஏழு வருதேன்னு அதைக் குடுத்தேன். அதுக்கும் அதே வார்த்தைதான் ஓதியிருக்கீங்க."

தலைகள் நின்றன. மருந்துக் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். வாங்கிய அவமானத்தைச் சிரித்தாவது கழித்துவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த கேக்கம்மாவுக்கு அப்போது ஒன்று தோன்றியது. யாரையும் கேட்காமல், யார் அனுமதிக்கும் காத்திராமல், தானாகத் தோன்றியது. ஃபோனை எடுத்தாள். தன் பக்கத்தில் முன்பணம் அனுப்பச் சொல்லிப் போட்டிருந்தார்களே, அந்த நம்பரை அழைத்தாள். அவள் காதில் மணி அடித்தது. டோக்கன் மேஜையின் இழுப்பறைக்குள்ளும் அடித்தது.

மேனேஜர் இழுப்பறையின் மேல் கையை வைத்து அழுத்தினார். மணி நிற்கவில்லை. கேக்கம்மா அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"எடுங்க. உங்களுக்குத்தான் போன் பண்றேன். கேக்குக்கு முன்பணம் அனுப்பணும்."

எடுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் எடுத்துக் கொடுத்தார். அந்த ஃபோனில் கேக்கம்மாவின் பக்கம் இருந்தது, தையல்காரியின் பக்கம் இருந்தது, தைலம் இருந்தது. ஓதுவது ஒருவர், திறப்பது ஒருவர். திருடுபோனவர்களுக்குப் பரிகாரம் சொல்வது மறுபடி முதலாமவர். அட்சரஞானி அப்போதும் விடவில்லை, கிரகம் சரியில்லை என்றார். அதில் மட்டும் பொய்யில்லை. போலீஸ் வண்டி வந்துகொண்டிருந்தது.

பக்கம் திரும்பி வரப் பல வாரம் பிடித்தது. கேக்கம்மா விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மறுபடி விண்ணப்பித்து வாங்கினாள். டீச்சர் வீட்டுக்குத் தானே நடந்து போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். நாத்தனாரிடம் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தாள். "விடுங்க அண்ணி, எனக்கும் கோபம் இன்னும் போகலை, போனதும் சொல்றேன்," என்று அவள் சொன்னது கேக்கம்மாவுக்கு என்னமோ பொய்யான சமாதானத்தைவிட நிம்மதியாக இருந்தது.

இப்போது அவளிடம் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு. ஒவ்வொன்றும் ஒரு நீளமான வாக்கியம், சம்பந்தா சம்பந்தமில்லாத நாலைந்து சொற்கள். பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை, ராசி இல்லை. ஃபோனுக்கு வரும் எண்ணையும் திரும்ப வைத்துக்கொண்டாள். அந்த எண்ணை, கேட்கிறவர் யாரானாலும் சொல்வதில்லை. இரண்டு பூட்டுப் போட்டும் ஆர்டர்கள் வழி கண்டுபிடித்து வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பேட்டரிக் கடை மாடியில் இப்போது வேறு பலகை தொங்குகிறது. ஃபோன் நம்பரின் கூட்டுத்தொகையைப் பார்த்துக் குடும்ப அமைதிக்கு வழி சொல்கிறாராம் ஒருவர். வரிசை மருந்துக் கடையைத் தாண்டிவிட்டது.

போன வாரம் டிரைவிங் ஸ்கூல்காரர் கேக் வாங்க வந்தார். பழைய பாஸ்வேர்டை இன்னும் மாற்றவில்லை, நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். கேக்கம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"யோசிக்கிறதுக்குன்னு நல்ல நேரம் தனியா இல்லைங்க. யோசிக்காம இருக்கற நேரம் எல்லாம்தான் கெட்ட நேரம்."