மவுஸைத் தொடாத மகான்

மவுஸைத் தொட்டால் தீட்டு என்று நினைக்கும் ஓர் இனம் உண்டு. தோல் பதனிடும் ஷாப்புக்காரன் பிள்ளை என்று நம்மை எட்டி நிற்கச் சொன்ன ஊரில், பட்டம் வாங்கிய கையோடு நாமே கண்டுபிடித்த புதுத் தீட்டு இது.

அடையாளம் சுலபம். திரை கறுப்பாக, வெறும் எழுத்தாக இருக்கும். நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் கீபோர்டு தட்டும் சத்தம் கூடும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆல்வின், இதில் உயர்ந்த ரகம். அவர் கன்டெய்னர் கிளப்புகிறவர். கன்டெய்னர் என்றால், பெரிய கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாக அடைத்துவைத்த குட்டிக் கம்ப்யூட்டர்கள். ஒரே வரிக் கட்டளை, அதன் வாலில் ஒரு ப்ரொஃபைலின் பெயர், ஒரு தட்டு, குட்டி பிறந்துவிடும். எவ்வளவு மெமரி, எந்த நெட்வொர்க் என்று முன்பே எழுதிவைத்த அச்சுதான் ப்ரொஃபைல். கட்டிங் பிரிவில் டை என்கிற ஒரே இரும்பு அச்சை வைத்து ஆயிரம் துண்டுத் தோல் வெட்டுவதுபோல. டை நெளிந்தால் ஆயிரமும் நெளியும். அது ஆல்வினுக்கு ஏன் தெரிய வேண்டும்? அவர் என்ன கட்டிங்கிலா வேலை செய்கிறார்?

ஒரு சாயங்காலம் எதையோ சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டவர், புது ப்ரொஃபைல் எழுதச் சோம்பல்பட்டு, எல்லாக் குட்டிகளுக்கும் பொதுவான ப்ரொஃபைலிலேயே நெட்வொர்க்கின் பெயரை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் குட்டி ஊமையாகிவிட்டது. திரும்பி வந்தால், பேக்கிங் சூப்பர்வைசர் ஹேமலதா நிற்கிறார்.

"இன்னா ஆல்வின், லேபிளே வரல. ஒட்டாம எங்க பொண்ணுங்கள வுட மாட்டாங்க. கம்பெனி பஸ்ஸு கௌம்பிடும், அப்புறம் குடியாத்தம் எப்டிப் போறது?"

"ஒரே வரிதான்க்கா. புதுசா ஒண்ணு கௌப்பிட்றேன்."

கிளப்பினார், அதே ப்ரொஃபைலோடு. ஊமை. அழித்தார், மறுபடி கிளப்பினார், பெயரை மாற்றிக் கிளப்பினார், கழுத்தைச் சொடுக்கிவிட்டுக் கிளப்பினார். ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரத்தில் பிறந்தது, ஒவ்வொன்றும் ஊமையாகவே பிறந்தது. நெளிந்தது டை. அவர் தோலை மாற்றிக்கொண்டிருந்தார்.

"மவுஸ்ல அமுக்கிப் பாத்தா தெரியாதா?"

"அது பேஜாரு அக்கா. கிளிக் பண்றதுக்கா படிச்சேன்?"

"எதுக்குப் படிச்சியோ, அத சீக்கிரம் பண்ணு."

கேட்டருகே பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தான் மாற்றிய பெயர் அவருக்கு ஞாபகம் வந்தது. பழையதைத் திருப்பி எழுதினார். குட்டிகள் எல்லாம் ஒருசேர வாய் திறந்தன, லேபிள் கொட்டியது.

"பாத்தீங்களாக்கா? கடைசி வரைக்கும் மவுஸத் தொடல."

"நாங்களும் பஸ்ஸத் தொடல தம்பி," என்று சொல்லிவிட்டு ஹேமலதா லேபிள் ஒட்டப் போனார். அன்றைக்கு அந்தப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். நமக்குக் கறுப்புத் திரையே தெரியாதே என்ற தைரியம். சரி, போன வாரம் அம்மா போனை நீட்டி எதையோ செய்து தரச் சொன்னாரே, அதை எத்தனை அழகாகச் செய்யலாம் என்று நின்ற இடத்திலேயே விளக்கினீர்களே, அப்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாரா? எந்த பஸ்ஸுக்கு என்று கேட்டீர்களா?