பொம்மை மேஸ்திரியும் ஒன்பது கிரேக்க சகோதரிகளும்

எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் பொம்மை மேஸ்திரியிடம் வாகனம் வாங்காமல் தப்பிய தெய்வம் ஒன்றுகூடக் கிடையாது. கோயில் கோபுரங்களுக்கு சிமென்ட்டில் சாமி செய்பவர். நவக்கிரகம் என்றாலும் நாகாத்தம்மன் என்றாலும் "இன்னா வாகனம்?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

மானாம்பதி சாலையில் ஒரு தனியார் பள்ளி, கலையரங்கம் கட்டியது. கவிதை, இசை, நாடகம் என்று ஆளுக்கொரு கலைக்கு அருள்தரும் கிரேக்கத்து மியூஸ் தேவியரை முகப்பில் வைக்கலாம் என்று யோசனை சொன்னவன், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியனான நான். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

வேலை மேஸ்திரிக்குப் போனது. நான் கொடுத்த படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஒன்பது பேரா? நம்ம சரஸ்வதி ஒத்த ஆளா எல்லாத்தையும் பாத்துக்கினு கீறாங்க. இவங்க ஆபீஸ்ல இவ்ளோ ஸ்டாஃபா சார்?"

"படத்தைப் பார்த்துச் செய்யுங்க, போதும்."

"செஞ்சிடலாம். வாகனம்?"

"கிடையாது."

"பாவம், அவ்ளோ தூரம் நடந்தேவா வந்தாங்க?"

திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாரத்தைப் பிரித்தார்கள். எண்ணினேன். பெண்கள் ஒன்பது. வாகனங்களும் ஒன்பது. இசைக்கு மயில், நடனத்துக்கு மான், வரலாற்றுக்கு ஆமை. சோக நாடகத் தேவியின் கையில், முகமூடி இருக்கவேண்டிய இடத்தில், ரத்தம் சொட்டும் அசுரன் தலை. நகைச்சுவைத் தேவியின் கையிலும் ஒரு தலை. அது பல்லைக் காட்டிச் சிரித்தது.

"வெட்டுப்பட்டவன் எதுக்குய்யா சிரிக்கிறான்?"

"படத்துல சிரிச்சிக்கினு கீறான் சார். நான் இன்னா பண்றது?"

பள்ளித் தாளாளர் வந்தார், பார்த்தார். "இடிச்சிட்டு சுண்ணாம்பு அடிங்கப்பா."

மேஸ்திரியின் முகம் சுருங்கியது. கோபுர உச்சியில் அவர் செய்ததையெல்லாம் காக்கைகள்தான் கிட்டத்தில் பார்த்திருக்கின்றன. மனிதர் நின்று பார்க்கும் உயரத்தில் இதுதான் அவருக்கு முதல் வேலை.

கறுப்புப் பெயின்ட்டோடு ஏணியில் ஏறி, ஒவ்வொருத்திக்கும் கண் திறந்துவிட்டு இறங்கினார். கண் திறந்த சிலையை இடிக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்காது. வேலையாட்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

"தொறந்தாச்சிங்க. இனிமே கடப்பாரைய நீங்கதான் எடுக்கணும்."

தாளாளரைப் பதினெட்டுக் கண்கள் பார்த்தன. வாகனங்களையும் சேர்த்தால் முப்பத்தாறு. தலைகளை நான் சேர்க்கவில்லை. அவரும் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் விழாவில் சிறப்பு விருந்தினர் சிலைகளின் முன் வெகுநேரம் நின்றார். "கிரீஸ்ல இப்படித்தான் இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார். கூட்டத்தின் ஓரத்தில், சலவைச் சட்டையில், மனைவியையும் அழைத்துவந்து நின்றிருந்தார் மேஸ்திரி.

"அச்சு அசல் இப்படியேதான் சார்" என்றேன்.