கிளாரம்மாளுக்கு வாத்து முட்டை

கூடையை மூடியிருந்த துணியை சிஸ்டர் பெர்நார்தா ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே மூடினார்.

"வாத்து முட்டையா?"

"ஆமாம் சிஸ்டர். நம்ம பட்டியில போட்டது. இன்னிக்குக் காலையில எடுத்தது."

"எல்லாரும் கோழி முட்டைதான் கொண்டு வருவாங்க."

"கோழி முட்டையைவிட இது பெருசு சிஸ்டர்," என்றார் கிறிஸ்புலோ. ஏரிக்கரையில் ஆயுள் முழுக்க வாத்து மேய்த்து முட்டை விற்றவர். மடத்து வாசலில் நின்றாலும் சரக்கை விட்டுக்கொடுக்க மனசு வராது.

வேண்டுதல் என்ன என்று சிஸ்டர் கேட்டார். சனிக்கிழமை மகள் ஜோவலினுக்குக் கல்யாணம், அன்றைக்கு ஒரு பொட்டு மழை விழக்கூடாது, கிளாரம்மாளிடம் சொல்லி வையுங்கள் என்றார் கிறிஸ்புலோ. கல்யாணத்துக்கு வெயில் வேண்டுமென்றால் புனித கிளாரா மடத்துக்கு முட்டை கொடுப்பது அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சிஸ்டர் ஜன்னல் வழியே வானத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஜூன் மாசத்துல கல்யாணத்தை வெச்சிட்டு மழை வேண்டாம்னா எப்படி?"

"நான் வைக்கல சிஸ்டர். சம்பந்தியம்மா வெச்சாங்க."

அதுதான் விஷயம். மாப்பிள்ளை அர்னெல் தங்கமான பையன். அவன் அம்மா எஸ்பெரான்சாவும் கெட்டவர் இல்லை. ஆனால் டவுனில் சிமென்ட் கடையும் தகரக் கடையும் வைத்து நாலு பேரை அதட்டிப் பழகியவர். கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது. அதனால் தேதியும் அவருடையது, விருந்தும் அவருடையது. பூசை புலோ ஊர்க் கோயிலில் நடக்கட்டும், பெண் வீட்டுக் கோயில்தானே. ஆனால் விருந்து டவுனில், அவர் வீட்டுக்குப் பின்னால் புதிதாகப் புல் பதித்த தோட்டத்தில்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

கிறிஸ்புலோவுக்கு வேறு ஆசை இருந்தது. புலோ கோயிலை ஒட்டி, கூரை போட்ட பெரிய கூடைப்பந்து மைதானம் ஒன்று இருக்கிறது. ஊரில் யாருக்குக் கல்யாணமானாலும், யார் செத்தாலும், அங்கேதான் சோறு. அவருக்கும் மனைவி பாசிங்குக்கும் கல்யாணச் சோறு அங்கேதான் நடந்தது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது எஸ்பெரான்சா மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"அங்க வாத்து வாசனை வருமே, சம்பந்தி."

அதோடு, பெண் வீட்டார் ரத்த சொந்தத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்லது, தோட்டம் தாங்காது என்றும் சொல்லிவிட்டார். புலோவில் ஒரு ஈ காக்காய்க்கும் அழைப்பில்லை. கிறிஸ்புலோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோவலினைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, பெண்ணுக்குத் தோட்டம் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். புல்லும் பூவும் விளக்குமாக வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். அதையும் நாம் கெடுப்பதா? அன்றைக்கே கிளாரம்மாளுக்கு நேர்ந்துகொண்டார்.

காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்தவரிடம் பாசிங் எந்த முட்டை கொடுத்தாய் என்று கேட்டாள். சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேட்டில் வைத்தாள்.

"வாத்துன்னா மழை வந்தா கூத்தாடுற ஜாதி. அது முட்டையைக் குடுத்து வெயில் கேட்டிருக்கியே, கிளாரம்மா என்னன்னு எடுத்துக்குவாங்க?"

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கிறிஸ்புலோ சிரித்தார். மே மாதம் முழுக்க எட்டிப் பார்க்காத மழை, அன்று சாயங்காலம் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது. அவருடைய வாத்துகள் எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின. சிரிப்பு நின்றுவிட்டது.

ஜோவலின் வாசலுக்குப் போய்க் கையை நீட்டித் தூறலைப் பிடித்துப் பார்த்தாள்.

"சனிக்கிழமையும் பெய்யுமாப்பா?"

"பெய்யாதும்மா. அப்பா பாத்துக்கிறேன்."

அவள் முகம் வாடியது. பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று கிறிஸ்புலோ நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் சந்தைக்குப் போய்க் கோழி முட்டை வாங்கினார். மடத்துக்குப் போகும் வழியில் வயல் பக்கம் திரும்பினால், எதிரே சப்பரம் வருகிறது. உழவர்களின் புனிதர் இசிதோர், தோளில் கலப்பையும் தலையில் வைக்கோல் தொப்பியுமாக ஆடி ஆடி வருகிறார். முந்தின நாள் தூறல் புழுதியை அடக்கியதோடு சரி, நாற்றங்காலுக்குப் போதவில்லை. மழை கேட்டு ஊரே சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. ஒரு கொம்புக்கு மட்டும் ஆள் குறைந்தது.

"அண்ணே, வாங்க வாங்க," என்று பாசிலியோ கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரன். நெல் போடுகிறவன். ஜோவலினைத் தோளில் வைத்துத் திருவிழா காட்டியவன். கல்யாண விருந்துக்கு அவனைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று அவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு தோளில் சப்பரக் கொம்பு, இன்னொரு கையில் வெயிலுக்கான முட்டைக் கூடை. போதாததற்கு, ஊரிலேயே பெரிய குரல் கிறிஸ்புலோவுக்குத்தான் என்பதால் பிரார்த்தனையும் அவர்தான் சொல்ல வேண்டும். "எங்கள் வயல்களுக்கு மழை தாரும்" என்பதை முடிந்தவரை சன்னமாகச் சொன்னார், மேலே இருக்கிறவருக்குக் கேட்காவிட்டால் நல்லது என்று.

"தொண்டையில என்னண்ணே? சத்தமா சொல்லுங்க," என்றான் பாசிலியோ.

சத்தமாகச் சொன்னார். வாயால் மழையும் மனசால் வெயிலும் கேட்டுக்கொண்டு ஊர் சுற்றி வந்தார். சப்பரத்தை இறக்கி வைத்ததும் கூடையில் என்ன என்று கேள்வி வந்தது. கன்னியர் மடத்துக்கு முட்டை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டார். ஆஹா, நமக்கு இந்த யோசனை தோணவில்லையே என்று பெண்கள் எல்லாம் வீட்டுக்கு ஓடினார்கள். ஆளுக்கு நாலு முட்டை. மழைக்கென்று சொல்லிக் கொடுங்கள் என்று கூடை நிறைய அடுக்கிவிட்டார்கள்.

மடத்து ஜன்னலில் கூடையை வைத்தபோது எது வெயில் முட்டை, எது மழை முட்டை என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளதைச் சொன்னார். சிஸ்டர் பெர்நார்தா முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டார்.

"இப்ப கிளாரம்மாகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

கிறிஸ்புலோ வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். "வெள்ளி ராத்திரி வரைக்கும் மழை. சனிக்கிழமை வெயில். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அவங்க இஷ்டம், எவ்வளவு வேணாலும் பெய்யட்டும்."

"நாங்க ஜெபம் பண்றவங்க, கிறிஸ்புலோ. குழாயைத் திறந்து மூடுறவங்க இல்ல."

ஆனாலும் கூடையை வாங்கிக்கொண்டார்.

அன்று பிடித்த மழை நிற்கவில்லை. வியாழக்கிழமை வயல்கள் நிறைந்தன. ஊரே இசிதோரைக் கொண்டாடியது. கிறிஸ்புலோ மட்டும் ஜன்னலோரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் பாசிங் தன் அம்மாவின் பழைய ஜெபமாலையைக் கொண்டுபோய்த் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டாள். கொடியில் ஜெபமாலை தொங்கினால் மழை விட்டுவிடும். எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

எல்லா வீட்டிலும் வாத்து கிடையாது. காற்றில் கொடி அறுந்து விழுந்தது. மழைக் குஷியில் முற்றமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆண் வாத்து, ஜெபமாலையை அலகில் கவ்விக்கொண்டு குட்டையில் இறங்கியது. கிறிஸ்புலோ அரைக்கால் சட்டையோடு பின்னாலேயே பாய்ந்தார். மாமியார் ஜெபமாலை, தொலைந்தால் பாசிங் உயிரை எடுத்துவிடுவாள். இடுப்பளவு தண்ணீரில் வாத்தோடு மல்லுக்கட்டி, மாலையைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினால், எதிரே குடையோடு பாசிலியோ நிற்கிறான்.

அவன் ஜெபமாலையைப் பார்த்தான். அறுந்த கொடியைப் பார்த்தான்.

"மழை வேண்டாம்னு கொடியில போட்டிருந்தீங்களா அண்ணே?"

கிறிஸ்புலோ தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.

"அப்ப நாங்க குடுத்த முட்டை?"

பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சம்பந்தியம்மா, தோட்டம், ரத்த சொந்தம் மட்டும் என்று சொன்னது, பெண் ஆசைப்படுகிறாளே என்று வாயை மூடிக்கொண்டது, எல்லாம். சொல்லும்போது வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நல்ல வேளை, மழையில் தெரியவில்லை. பாசிலியோ குடையைச் சுழற்றினான். பிறகு திரும்பி நடந்தான்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருக்கும், இனி புலோவில் தலை காட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டே கிறிஸ்புலோ ராத்திரியெல்லாம் புரண்டார். பரவித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பாசிலியோ. அவனுக்குப் பின்னால் சப்பரம் தூக்கியவர்கள் அத்தனை பேரும். ஆளாளுக்குக் கையில் கூடை.

"இது வெயிலுக்கு," என்றான் பாசிலியோ. "வயலுக்கு வேண்டியது கிடைச்சாச்சு. புள்ளைக்கு நல்ல நாளு, நனையக் கூடாதில்ல."

விருந்துக்கு அழைக்கப்படாத ஊர், அந்த விருந்து நனையக்கூடாதென்று முட்டை கொடுக்கிறது. இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம். ட்ரைசைக்கிள் பிடித்து அத்தனை கூடையையும் மடத்துக்குக் கொண்டுபோனார். சிஸ்டர் பெர்நார்தா, உள்ளே முட்டை வைக்க இடமில்லை என்றார். எங்கேயாவது வையுங்கள், சனிக்கிழமை வெயில் அடித்தால் போதும் என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

சனிக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

பூசை நடந்தது. சாமியார் பிரசங்கம் கூரைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தாலிக்குப் பதில் அவர்கள் ஊரில் போடுவதுபோல் மணமக்கள் தோளைச் சேர்த்து வெள்ளைக் கயிற்றைச் சாத்திய நேரத்தில், மாப்பிள்ளையின் தம்பி முழங்கால் வரை சேற்றோடு ஓடி வந்து தன் அம்மா காதில் என்னவோ சொன்னான். எஸ்பெரான்சாவின் முகம் வெளுத்தது. தோட்டத்தில் கூடாரம் சாய்ந்துவிட்டது. புதுப்புல் மிதக்கிறது. மேசைகள் கால் புதைந்து நிற்கின்றன. டவுன் சாலையில் தண்ணீர், சமையல் வண்டி பாதி வழியில் நின்றுபோனது.

கோயில் வாசலில் பட்டுப்புடவை கட்டாத குறையாக ஜொலித்த டவுன் விருந்தாளிகள் எல்லாம் முழித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது பாசிலியோதான் முன்னால் வந்தான். எஸ்பெரான்சாவிடம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பக்கத்திலேயே கூரை போட்ட மைதானம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, அடுப்பு மூட்ட எங்கள் பெண்கள் இருக்கிறார்கள், உத்தரவு கொடுத்தால் போதும் என்றான். எஸ்பெரான்சா கிறிஸ்புலோவைப் பார்த்தார். கிறிஸ்புலோ தரையைப் பார்த்தார்.

"நடக்கட்டும்," என்றார் சம்பந்தியம்மா.

எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு மணி நேரத்தில் சோறு வந்தது. ஒரு வீட்டில் பன்றி வந்தது, ஒரு வீட்டில் பான்சித் சேமியா வந்தது, பாசிங் பத்து வாத்தைக் காடியில் போட்டு அடோபோ சமைத்தாள். ஜெபமாலையைத் தூக்கின வாத்தும் அதில் போய்ச் சேர்ந்தது என்று கேள்வி. புலோ முழுக்க உள்ளே இருந்தது. எஸ்பெரான்சா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாத்து இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்புலோவின் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதற்காகவே குற்றவுணர்ச்சியும் இருந்தது. தான் ஆசைப்பட்டபடி எல்லாம் நடக்கிறது, பெண் ஆசைப்பட்டது மட்டும் சேற்றில் போய்விட்டது. ஜோவலின் வெறுங்காலோடு பாசிலியோவின் கையைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவுக்காகத்தான் துக்கத்தை மறைக்கிறாள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் சிஸ்டர் பெர்நார்தா வந்து சேர்ந்தார். ஒரு பெரிய தட்டு நிறைய முட்டைப் புட்டிங். அத்தனை முட்டையை வேறு என்ன செய்வது என்றார். கிறிஸ்புலோ அவரை ஓரமாக அழைத்துப்போய் உட்கார வைத்தார். மனசில் இருந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். என் புள்ளைக்காகன்னு ஊரே முட்டை குடுத்துச்சு. கிளாரம்மா ஒரு நாள், ஒரே ஒரு நாள் காது குடுத்துக் கேட்டிருக்கக் கூடாதா?"

சிஸ்டர் புட்டிங்கில் ஒரு கரண்டி எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"கேட்டாங்களே கிறிஸ்புலோ. மே மாசத்துலேர்ந்து வாராவாரம் வந்து, சனிக்கிழமை அந்தத் தோட்டமே முங்கிப்போற மாதிரி மழை வேணும்னு முட்டை குடுத்துட்டுப் போனது உங்க பொண்ணுதானே."