ஒரு முழ ஹோஸும் உயர்மட்டக் குழுவும்

வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு கார் இருந்தது. வயது இருபத்து மூன்று. கோப்புகளின்படி அது "நல்ல நிலையில் உள்ளது". கோப்புகளுக்கு மூட்டுவலி வராது, காருக்கு வந்திருந்தது.

அதை ஓட்டியவரை எல்லோரும் கிளட்ச் என்றே கூப்பிட்டார்கள். நாலு தரம் மிதித்தால்தான் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும். செவ்வாய்க்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியையும் நர்ஸையும் ஏற்றிக்கொண்டு, பஸ் போகாத ஆறு குடியிருப்புகளுக்குப் போய்வருவது அவர் வேலை. நர்ஸ் வேறு யாருமில்லை, அவருடைய மனைவிதான். அலுவலகத்துக்குள் இருவரும் "சார்", "சிஸ்டர்" என்று பேசிக்கொள்வார்கள். கேட்டைத் தாண்டியதும் மரியாதை இறங்கி நடந்து போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாலாவது குடியிருப்புக்குப் போகும் மேட்டில் கார் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. கிளட்ச் பானட்டைத் தூக்கினார். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உப்பி வெடித்து வாயைப் பிளந்திருந்தது. தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பக்கத்து ஹோஸ்கள் மூன்றும் அடுத்தது யார் என்று காத்திருப்பதுபோல் இருந்தன.

பெட்டியில் ஐஸ் இன்னும் இரண்டு மணிநேரம்தான் தாங்கும். சிஸ்டர் அந்தப் பக்கம் வந்த பால்வண்டியை நிறுத்தி, கேன்களுக்கு நடுவே பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு போய், வண்டி போகாத இடங்களுக்கு நடந்து, மீதிக் குழந்தைகளுக்கு ஊசி போட்டார். போகும்போது கணவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்த வாரத்துக்குள்ள இதைச் சரிபண்ணிடுங்க."

மறுநாளே கிளட்ச் கிளம்பினார். கார் கம்பெனியின் கண்ணாடி ஷோரூமில், அந்த மாடலை நிறுத்திப் பதினோரு வருஷமாகிறது, புதுக் கார் வாங்கினால் ஹோஸும் கூடவே வரும் என்று பரிவோடு சொன்னார்கள். உதிரிபாகக் கடைத்தெருவில் ஒரு ரப்பர் கடைக்காரர் மட்டும் பழைய துண்டை வாங்கி, வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, பரணிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். வேறு கம்பெனி செய்தது. நீளம், வளைவு, வாயகலம் எல்லாம் அச்சு அசல். வலுவுக்கு உள்ளே நூல் பின்னல்கூட இருந்தது. விலையோ, ஷோரூமில் ஒரு காபிக்குக் கேட்கும் அளவுதான். கிளட்ச் அதையும் பில்லையும் கொண்டுவந்து கண்காணிப்பாளர் மேஜைமேல் வைத்தார்.

கண்காணிப்பாளர் அதைப் பேனாவால் தள்ளிப் பார்த்தார்.

"இது கம்பெனி ஹோஸா?"

"கம்பெனி இப்போ செய்யறதில்லை சார். இது வெளியில செய்யறது. பொருந்தும்."

"பொருந்தும்னு யார் சொன்னது?"

"மாட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும் சார்."

"மாட்டிப் பார்க்க அனுமதி வேணும். அனுமதி குடுக்கணும்னா முதல்ல பொருந்துமான்னு தெரியணும்."

கிளட்ச் இரண்டு நாள் இந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை. ஹோஸையும் கண்காணிப்பாளரே செய்திருந்தால் ஒழுகியே இருக்காது என்று தோன்றியது.

கோப்பு நகர்ந்தது. தலைமை எழுத்தர் தமிழ்ப் பற்றுள்ளவர். ஹோஸ் என்பதை அடித்துவிட்டுக் "குழாய்" என்று எழுதினார். குழாய் என்றிருந்ததால் கோப்பு குடிநீர்த் துறைக்குப் போனது. மூன்று வாரம் ஆழ்ந்து பரிசீலித்த அந்தத் துறை, மேற்படி குழாயில் ஓடுவது வெந்நீர் என்பதால் தங்கள் வரம்புக்குள் வராது என்று வருத்தத்துடன் திருப்பி அனுப்பியது. அதன்பிறகே விஷயத்தின் கனம் மேலிடத்துக்குப் புரிந்து, "மாற்றுக் குழாய்ப் பரிசீலனை உயர்மட்டக் குழு" அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஐந்து பேர். பானட் எந்தப் பக்கம் திறக்கும் என்பதில் அவர்களுக்குள் இரண்டு கருத்துகள் இருந்தன.

இதற்கிடையில் ஏழு செவ்வாய்க்கிழமைகள் போயின. பால்வண்டி போகாத கடைசி இரண்டு குடியிருப்புகளுக்கு சிஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து, தேய்ந்த செருப்பைக் கணவரின் ஷூவுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தார். யாரிடமும் கேட்காமல் ஹோஸை மாட்டிவிடலாம் என்று கிளட்ச் நினைத்தால், அது "சான்றுப் பொருள்" என்று அரக்கு முத்திரையிட்ட உறைக்குள் போய்விட்டது.

எட்டாவது வாரம், குழு சம்பவ இடத்தை நேரில் பார்க்க முடிவு செய்தது. அலுவலகக் கார்தான் நின்றுவிட்டதே, அதனால் வாடகைக் கார் வந்தது. விதிகளின்படி ஆகக் குறைந்த வாடகைக்கு வந்த வண்டி அது. பார்த்தால் அலுவலகக் காருக்கு உடன்பிறந்த அண்ணன். அதே மாடல், ஒரு வயது மூப்பு. வழிகாட்டக் கிளட்சும், மடியில் சான்றுப் பொருளோடு கண்காணிப்பாளரும் ஐவரோடு நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள்.

அதே மேட்டில், உச்சி வெயிலில், வாடகைக் கார் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது.

எல்லோரும் இறங்கினார்கள். மரம் இல்லை, போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பால்வண்டி காலையிலேயே போய்விட்டது. வாடகைக் கார் ஓட்டுநர் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கிளட்சும் எட்டிப் பார்த்தார்: வெடித்திருந்தது அதே ஹோஸ். பிறகு கண்காணிப்பாளரின் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"முத்திரையை உடைக்க முடியாது," என்றார் கண்காணிப்பாளர். பத்து நிமிஷம் ஆனது. குழுத் தலைவரின் தலையில் சாயம் உருகி நெற்றிக்கு இறங்கத் தொடங்கியது.

"குழு இப்போது முறைப்படி கூடியதாகக் கருதப்படுகிறது," என்று தலைவர் அறிவித்தார். "இந்தக் குழாய் எல்லா வகையிலும் திருப்திகரமானது. யாருக்காவது ஆட்சேபணை?"

ஆட்சேபணை சொல்லி முடிக்கும்வரை அந்த வெயிலில் நிற்க யாரும் தயாராக இல்லை. கிளட்ச் ஆறு நிமிஷத்தில் ஹோஸை மாட்டி, குழுவின் குடிநீர் பாட்டில்களை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். வண்டி உறுமிக் கிளம்பியது. உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

சான்றுப் பொருள் வாடகைக் காரோடு போய்விட்டது. ஆனால் ஒப்புதல் கையில் இருந்தது. கிளட்ச் அன்று சாயங்காலமே கடைக்கு ஓடி நாலு ஹோஸும் கிளிப்பும் வாங்கி அலுவலகக் காரில் மாட்டினார். எஞ்சின் கல்யாண வயசுப் பையன் மாதிரி ஓடியது. சிஸ்டர் புடவைத் தலைப்பால் பானட்டைத் துடைத்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மேலிடத்து உத்தரவு வந்தது. அபூர்வமான தொழில்நுட்ப அறிவைப் பாராட்டிக் கிளட்சைக் குழுவின் நிரந்தர உறுப்பினராக்கியிருந்தார்கள். தனி அறை, சுழலும் நாற்காலி, ஊதா மையில் விழும் ஒரு முத்திரை. பக்கத்து அலுவலகங்களிலிருந்து வைப்பர், பல்பு, பெல்ட் என்று கோப்புகள் குவிந்தன. நாலு தரம் மிதித்தால் ஒரு வார்த்தை பேசியவர், மிதிக்காமலே நாலு பக்கம் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலை, பெட்டியும் கையுமாக சிஸ்டர் அந்த அறைக்கு வந்தார்.

"கார் ரெடியா இருக்கு. யார் ஓட்டறது சார்?"

கிளட்ச் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஓட்டுநர் பணியிடம் காலின்னு மேலே எழுதியிருக்கு சிஸ்டர். பதில் வரட்டும்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமே?"

"தெரியும். ஆனா உறுப்பினர் ஓட்டலாமான்னு தெளிவுரை கேட்டிருக்கோம்."

சிஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். பால்வண்டிக்காரர் கேன்களைத் தள்ளி இடம் கொடுத்தபடி, கார்தான் சரியாகிவிட்டதாமே, இன்னும் என்ன என்று விசாரித்தார்.

"ஹோஸுக்கு மாத்து கிடைச்சிடுச்சு அண்ணே," என்றார் சிஸ்டர், மடியில் பெட்டியைச் சரிசெய்துகொண்டு. "புருஷனுக்குத்தான் எந்தக் கடையில கேக்கறதுன்னு தெரியலை."