சராசரியாக இரண்டு முந்திரி

ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கல்யாணச் சமையற்கட்டுக்குள் விடவே கூடாது. இதை ஆராய்ச்சி செய்தே கண்டுபிடித்தவள் நான்.

அப்போது கலப்புப் பொருட்களில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். பிசினுக்குள் துகள்களைக் கொட்டிக் கலந்தால் அவை எங்கெங்கே போய் உட்காரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. (பிசினையோ துகளையோ கையால் தொட்டதில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில்தான்!)

அக்கா கல்யாணம் குற்றாலத்தில், நல்ல சாரல் சமயத்தில். காலைப் பந்தி என் பொறுப்பு. மாப்பிள்ளையின் தாய்மாமா தென்காசிக்காரர். அப்பளம் நொறுங்கியிருந்தது என்று ஒரு கல்யாணப் பந்தியிலிருந்தே எழுந்து போனவர்.

"அவுக மொகம் மட்டும் கோணிரக் கூடாதுட்டி" என்று அப்பா நாலு தடவை சொல்லிவிட்டார். எனக்கும் பயம்தான்.

இலத்தூரிலிருந்து வந்த சமையல் அண்ணாச்சி, கேசரி அண்டாவை இறக்கி வைத்து, வறுத்த முந்திரியை வாளிக்கு இவ்வளவு என்று தூவப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, மொத்தத்தையும் அண்டாவுல கொட்டி நாப்பது சுத்து கிண்டுங்க. இலைக்கு ரெண்டு கரெக்டா விழும்."

"யம்மா, சாரக் காத்து அடிக்குது. கேசரி இறுகிருமே."

"நான் இதத்தான் படிக்கேன், அண்ணாச்சி."

"படிச்ச புள்ள சொல்லுதா" என்று கொட்டினார். பன்னிரண்டாவது சுற்றில் கரண்டி நின்றுவிட்டது. என் கணக்கில் பிசின் இறுகுவதே கிடையாது. முந்திரி, கொட்டின இடத்திலேயே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டு வரிசைக்குப் போன வாளிகளில் மருந்துக்குக்கூட முந்திரி இல்லை. எங்கள் வரிசைக்கு வந்த வாளியிலோ கேசரியைத்தான் தேட வேண்டியிருந்தது.

மாமா தன் இலையைப் பார்த்தார். எதிரே எங்கள் வரிசையில் என் சித்தப்பாவின் இலையைப் பார்த்தார். எழுந்துவிட்டார்!

"எங்களுக்கெல்லாம் முந்திரி கிடையாதோ?"

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஓடிப்போய், "சராசரியாப் பாத்தா இலைக்கு ரெண்டு விழுந்திருக்கு, மாமா" என்றேன்.

மாமா என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்பம் என் ரெண்டும் அங்கனதான் இருக்கோ? நான் அங்கனயே போயிருதேன்" என்று இலையைத் தூக்கிக்கொண்டு வந்து சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் பாதிப்பேர் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள். அப்பா தூணை விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இன்றைக்கும் எந்த விசேஷமானாலும் மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். தன் இலையில் நாலு முந்திரி வைக்கச் சொல்லி, என் இலையில் ஒன்றுகூட விழ விடமாட்டார்.

"சாப்புடுட்டி, டாக்டரு. சராசரியா ஒனக்கு ரெண்டு" என்பார்.